கல் நோக்கும் திசை

எழுத்துப் பொறிக்கப்படாத கல்லைப்போல் மனிதனைத் தன் விருப்பத்திற்குப் பேசவைக்கும் பொருள் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. ஓலை மடிந்துபோகும், மரம் உளுத்துப்போகும், மண்சுவர் மழையில் கரைந்துபோகும். கல் நிற்கும். நட்டவன் பெயர் மறைந்த பின்னரும் நிற்கும். நட்ட காரணம் மறந்த பின்னரும் நிற்கும். அதன் முன் வந்து நிற்கின்ற ஒவ்வொரு தலைமுறையும், தான் கேட்க விரும்பியதை அதன் வாயில் வைத்துவிட்டுக் கல்லே சொல்லிற்று என்று மகிழ்கின்றது.

நான் தமிழாசிரியன். வானநூல் வல்லவனல்லேன், தொல்லியலை முறையாகப் பயின்றவனுமல்லேன். எனினும் பழங்கற்களைப் பற்றிய நூல்களைப் பல்லாண்டுகளாக விடாது படித்து வருகிறேன். பாட்டுக்கு உரை காண்பதற்கும் கல்லுக்குப் பொருள் காண்பதற்கும் நெருங்கிய உறவுண்டு என்பதே அதற்குக் காரணம். சொல்லில் உள்ளதை எடுத்துக் காட்டுவது ஒன்று. இல்லாததை ஏற்றிச் சொல்வது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள எல்லையை மாணவனுக்குக் காட்டுவதைவிட ஆசிரியனுக்குப் பெரிய கடமை இல்லை. அந்த எல்லையைப் பழங்கற்கள் எனக்குத் தெளிவாகக் காட்டின.

இங்கிலாந்தின் தென்பகுதியில், சாலிஸ்பரி சமவெளியில் நிற்கும் ஸ்டோன்ஹெஞ்சை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ கி.மு. 3000இல் அங்கே வட்டமான அகழியும் கரையும் அமைக்கப்பட்டன. கி.மு. 2500ஐ ஒட்டிப் பெருங்கற்கள் நாட்டப்பட்டன. பெரிய கற்கள் சராசரியாக 25 டன் எடையுள்ளவை. அவற்றுள் பெரும்பாலானவை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தவை என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டிற்று. சிறிய நீலக்கற்கள் 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேல்ஸ் மலைகளிலிருந்து வந்தவை. நடுவே கிடக்கும் பலிபீடக் கல் எனப்படுவது ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தது என்று 2024இல் அறியப்பட்டது. அதன் பயணம் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். சக்கர வண்டியும் இரும்புக் கருவியும் இல்லாத காலத்தில் இத்துணை உழைப்பை மக்கள் எதற்காகச் செலவிட்டனர்? இவ்வினாவைக் கேளாதவர் இல்லை.

விடை கூறியவர்களின் வரிசையைப் பார்த்தால் வியப்பு மிகும். 12ஆம் நூற்றாண்டில் ஜியோஃப்ரி என்னும் வரலாற்றாசிரியர், மெர்லின் என்ற மாயவித்தைக்காரன் அயர்லாந்திலிருந்து அக்கற்களைக் கொண்டுவந்தான் என்று எழுதினார். மந்திரத்தை நம்பிய காலம் அது. 17ஆம் நூற்றாண்டில், உரோமக் கட்டடக்கலையைக் கற்றுத் தேர்ந்த இனிகோ ஜோன்ஸ் அதனை உரோமர் கட்டிய கோயில் என்றார். 18ஆம் நூற்றாண்டில் சமயகுருவாகவும் விளங்கிய வில்லியம் ஸ்டக்லி, துரூயிதுகள் என்னும் பழம்பூசாரிகளின் கோயில் என்றார். அப்பூசாரிகளைப் பற்றிய செய்திகளோ கற்கள் நாட்டப்பட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிற்பட்டவை. 20ஆம் நூற்றாண்டில் கணிப்பொறி வந்தது. உடனே ஸ்டோன்ஹெஞ்சும் கணிப்பொறியாயிற்று!

இதனைக் கேலியாகச் சொல்லவில்லை. ஜெரால்டு ஹாக்கின்ஸ் என்ற வானியலறிஞர் 1963இலும் 1965இலும் தம் கருத்துகளை வெளியிட்டார். கற்களுக்கும் குழிகளுக்கும் இடையே வரையக்கூடிய கோடுகளைக் கணிப்பொறியிலிட்டு, அவற்றுட் பல, கதிரவனும் திங்களும் எழுந்து மறையும் எல்லைத் திசைகளைக் காட்டுகின்றன என்றார். வட்டத்தைச் சுற்றியுள்ள 56 குழிகள் கிரகணங்களை முன்னறியும் எண்ணுகருவி என்றும் கூறினார். உலகம் வியந்தது. ஆயினும் அந்த இடத்தை அகழ்ந்து அறிந்தவரான ரிச்சர்டு அட்கின்சன் 1966இல் அதனைக் கடுமையாக மறுத்தார். அந்த 56 குழிகளும் பெருங்கற்களுக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகள் முற்பட்டவை. எரியூட்டப்பட்ட மனித எலும்புகள் அவற்றிற் பலவற்றில் கிடைத்துள்ளன. கிரகணம் எண்ணியதற்கு அங்கே சான்றில்லை. இறந்தாரைப் புதைத்ததற்குச் சான்றுண்டு.

கோடுகள் பொருந்துவது மட்டும் ஏன் போதாது என்பதை எளிய கணக்கொன்றால் மாணவர்க்கு விளக்கலாம். ஒரு வெளியில் 10 கற்கள் மனம்போனபடி கிடப்பதாகக் கொள்வோம். இரண்டிரண்டாக இணைத்தால் 45 கோடுகள் வரும். ஒவ்வொரு கோட்டையும் இருபுறமிருந்தும் நோக்கலாமாதலால் 90 திசைகள் கிடைக்கும். கதிரவன் தன் வடகோடியிலும் தென்கோடியிலும் நடுவிலும் எழுந்து மறைவதால் 6 திசைகள், திங்களுக்கு எல்லைத் திசைகள் 8, ஆக 14. ஒவ்வொன்றிற்கும் இப்பக்கம் ஒரு பாகை, அப்பக்கம் ஒரு பாகை பிழைக்கு இடங்கொடுத்தால், வட்டத்தின் 360 பாகையில் 28 பாகை 'சிறப்புத் திசை' ஆகிவிடும். இக்கணக்கின்படி, யாரும் எந்நோக்கமுமின்றிப் போட்ட கற்களிலேயே ஏறத்தாழ 7 திசைகள் வானத்தோடு பொருந்தும். ஆகவே 'பொருந்துகிறது' என்பது விடையன்று. 'தற்செயலாகப் பொருந்தக்கூடியதைவிட மிகுதியாகப் பொருந்துகிறதா?' என்பதே வினா.

அங்ஙனமாயின் திசை பற்றிய பேச்செல்லாம் வீண்தானா? அவ்வாறும் சொல்வதற்கில்லை. ஸ்டோன்ஹெஞ்சின் நடு அச்சு, கோடையின் நெடும்பகல் நாளில் கதிரவன் எழும் வடகிழக்கையும், குளிர்காலக் குறும்பகல் நாளில் அவன் மறையும் தென்மேற்கையும் நோக்குகின்றது. பூசாரிகளைப் பற்றிப் பிழைபடக் கூறிய ஸ்டக்லியே 1740இல் இந்தக் கோடை அச்சைச் சரியாகக் கண்டு எழுதியவர். இது பல கோடுகளிலிருந்து பொறுக்கி எடுத்த ஒரு கோடு அன்று. கட்டடம் முழுவதும் அமைந்துள்ள நெறி. வாயிலும் வழியும் அதன்மீதே கிடக்கின்றன.

அயர்லாந்தில் போயின் ஆற்றங்கரையிலுள்ள நியூகிரேஞ்சு இன்னும் உறுதியான சான்று. ஏறத்தாழ கி.மு. 3200இல் எழுப்பப்பட்ட பெரிய மேடு அது. அதனுள் ஏறத்தாழ 19 மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய வழி ஒரு கல்லறைக்குச் செல்கின்றது. வாயிலுக்கு மேலே தனியாக ஒரு சிறு திறப்பும் உண்டு. கதிரவன் ஒளி அம்மேட்டினுள் நுழையும் என்ற வாய்மொழிச் செய்தி அவ்வட்டாரத்தில் வழங்கி வந்தது. அகழ்வாய்வு நடத்திய மைக்கேல் ஓ'கெல்லி 1967ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், குறும்பகல் நாளின் விடியலில் தனியாக உள்ளே சென்று காத்திருந்தார். மேல்திறப்பின் வழியே நுழைந்த ஒளிக்கீற்று, வழியைக் கடந்து கல்லறையின் உட்புறம் வரை சென்று, 17 நிமிடம் நின்று மறைந்தது. வாயிலைக் கல்லால் அடைத்த பின்னரும் ஒளி புகுவதற்கென்றே ஒரு திறப்பை அமைத்திருக்கிறார்கள் என்றால், அங்கே நோக்கம் இருந்தது என்பதில் ஐயமில்லை. கட்டடமே சாட்சி கூறுகின்றது.

இவ்விடத்தில் நாம் மற்றொரு படியைக் கவனமாகக் கடக்க வேண்டும். திசை உறுதியாயிற்று, பொருளும் உறுதியாயிற்றா? கதிரவனை வணங்கினார்களா? இறந்தவர்க்கு ஒளி காட்டினார்களா? ஆண்டின் கணக்கை நிறுத்தினார்களா? அளவுகோல் இதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. திசையை அளக்கலாம், மனத்தை அளக்க முடியாது.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நம் மாணவர்க்கு அந்த மக்களின் மனத்தை உணர்த்துவதும் எளிதன்று. மலேசியாவில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரங்கூட இல்லை. ஸ்டோன்ஹெஞ்சு நிற்கும் நிலத்திலோ குளிர்காலப் பகல் 8 மணி நேரத்திற்கும் குறைவு; கோடைப் பகல் 16 மணி நேரத்திற்கும் மேல். நாளுக்கு நாள் ஒளி சுருங்கிக்கொண்டே போகும் ஊரில், அது மீண்டும் வளரத் தொடங்கும் நாள் எத்துணை ஆறுதலைத் தந்திருக்கும்! அருகிலுள்ள டரிங்டன் என்னுமிடத்தில் கிடைத்த பன்றிப் பற்களை ஆராய்ந்தவர்கள், அப்பன்றிகளிற் பல ஏறத்தாழ ஒன்பது திங்கள் வயதில் கொல்லப்பட்டவை என்றனர். வசந்தத்தில் பிறந்த குட்டிகளாயின், அவ்விருந்து குளிர்காலத்தின் நடுவே நிகழ்ந்திருக்க வேண்டும். ஆகவே, இன்று கோடை விடியலைக் காணக் கூட்டம் கூடும் அவ்விடத்தில், அன்று குளிர்கால அந்தியே பெருநாளாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஒரே கோட்டின் இரு முனைகள். எந்த முனையை நோக்கி மக்கள் நின்றார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை; எச்சில் எலும்பு சொல்லிற்று.

மற்றொரு செய்தி என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. 1998இல் மைக் பார்க்கர் பியர்சன் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர், மடகாஸ்கர் நாட்டுத் தொல்லியலாளரான ரமிலிசோனினாவுடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். கல் முன்னோருக்கு உரியது, மரம் உயிரோடிருப்பவர்க்கு உரியது என்பது அவர்கள் கருத்து. ரமிலிசோனினாவுக்கு இது ஏட்டில் கற்ற செய்தியன்று. அவர் நாட்டில் இறந்தாருக்குக் கல் நாட்டும் வழக்கம் இன்றும் வாழ்கின்றது. ஸ்டோன்ஹெஞ்சின் கற்களும், டரிங்டனில் நின்ற மரத்தூண் வட்டங்களும் இவ்வகையில் இணைத்து நோக்கப்பட்டன. மடகாஸ்கர் வழக்கத்தை நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இங்கிலாந்துக்கு ஏற்றலாமா என்று கேட்டவர்களும் உண்டு. அக்கேள்வி முறையானதே. ஒப்புமை வழிகாட்டும், அதுவே மெய்ப்பிப்பு ஆகிவிடாது. எனினும் இங்கே ஒன்று புலப்படுகின்றது. மெர்லினும் கணிப்பொறியும் தராத ஒரு தெளிவு, கல் நாட்டும் வழக்கத்தை உயிரோடு வைத்திருக்கும் மக்களிடமிருந்து வந்தது. பொருள் கல்லில் தங்குவதில்லை, மக்களிடம் தங்குகின்றது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. பத்து மலை என்று நாம் நாவார வழங்கும் பெயரிலுள்ள 'பத்து' என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கல் என்பது பொருள். நெகிரி செம்பிலானிலும் மலாக்காவின் அலோர் காஜா வட்டாரத்திலும் நிற்கும் பழங்கற்களை மக்கள் 'பத்து ஹிடுப்' என்பர். அதாவது, உயிருள்ள கல். அவை மெல்ல மெல்ல வளர்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. லிங்கி ஆற்றுக்கு அருகே பெங்காலான் கெம்பாசில் நிற்கும் மூன்று கற்கள் வாள், அகப்பை, சுக்கான் என்று அழைக்கப்படுகின்றன. வடிவத்தைக் கண்டு பின்வந்தோர் இட்ட பெயர்கள் அவை. அவற்றுள் ஒன்றில் இறைவனைக் குறிக்கும் 'அல்லா' என்னும் அரபுச் சொல் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. அருகிலேயே 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அகமது மஜானு என்பவரின் கல்லறையும் கல்வெட்டும் இருக்கின்றன. அங்குள்ள தூண் ஒன்றிலுள்ள துளையில் கையை நுழைத்துப் பொய் சொன்னால், கல் கையை இறுகப் பற்றிக்கொள்ளும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. கற்கள் முந்தியனவா, கல்லறை முந்தியதா என்பதில் அறிஞரிடையே ஒத்த கருத்தில்லை. அங்கே சென்று நின்றபோது, ஒரே கல்லின்மீது ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை காலங்கள் பொருளைப் பூசிச் சென்றிருக்கின்றன என்று எண்ணி நெடுநேரம் பேசாதிருந்தேன்.

தமிழர்க்கு இதில் ஒரு நற்பேறு வாய்த்தது. வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறைமையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. கல்லிலும் எழுதி வைத்தனர். 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் வீழ்ந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்டது. அதில் இருப்பது சில சொற்களே. அச்சில சொற்கள் இல்லையாயின், அக்கல் எத்திசையை நோக்கியது, எந்த விண்மீனைக் குறித்தது என்று நாமும் ஏடு ஏடாக எழுதிக்கொண்டிருப்போம். ஆநிரை கவர்ந்த பூசலில் மடிந்த ஒரு மனிதனின் பெயர், இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் நம்மைப் பிழைபடப் பேசாமல் தடுக்கின்றது.

ஆனால் கடல் கடந்து மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் நட்ட கற்களில் எழுத்தில்லை. நெகிரி செம்பிலானில் என் தாய்வழிப் பாட்டனார் பால்மரம் சீவிய தோட்டம் ஒன்று இருந்தது. அங்கே ஆலமரத்தடியில் இடுப்பளவு உயரமுள்ள ஒரு கல்லும் அருகே ஒரு சூலமும் உண்டு. முனீஸ்வரர் என்று வணங்கினார்கள். பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது, குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பட்டணத்துக்குப் பெயர்ந்தன, லயங்கள் இடிக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்கு முன், அத்தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த மூதாட்டி ஒருவரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். மரம் இருந்தது, கல்லும் இருந்தது. சுற்றிலும் செம்பனையன்றி வேறொன்றுமில்லை. நூல்களில் படித்த பழக்கத்தால் திசைகாட்டியை எடுத்துக் கல்லின் முகத்தை அளந்தேன். கிழக்கிற்கு வடக்கே ஏறத்தாழ 23 பாகை. ஜூன் திங்களில் கதிரவன் தன் வடகோடியில் எழும் திசை அது!

நூறாண்டு கழித்து வரும் ஆய்வாளன் இதைக் கண்டால் எவ்வளவு மகிழ்வான்! கதிர்வழிபாடு என்பான், தென்னாட்டிலிருந்து கொண்டுவந்த வானநூல் அறிவு என்பான், அவன் அளவிலும் பிழையிராது. நான் அம்மூதாட்டியிடம், "ஏம்மா, முனியாண்டியை ஏன் இந்தப் பக்கம் பார்த்து வச்சாங்க? சூரியனுக்காகவா?" என்று கேட்டேன். அவர் செம்பனைகளுக்கு நடுவே ஒரு வெற்றிடத்தைச் சுட்டிக் காட்டினார்.

"அங்கதான் தம்பி ஆயாக் கொட்டகை இருந்துச்சு. விடியறதுக்கு முன்னாடியே பெரட்டுக்குப் போயிரணும். தூங்குற புள்ளையத் தூக்கிட்டு வந்து ஆயாகிட்ட விட்டுட்டு மரம் வெட்டப் போவோம். ஒரு ஆயா எத்தனை புள்ளையப் பாக்கும்? அதான் சாமிய அந்தப் பக்கம் பாத்து வச்சாங்க. சூரியனுக்கு என்ன, அது யாரும் பாக்காட்டியும் வந்துரும். புள்ளைங்களப் பாக்கத்தான் ஆளு வேணும்."

அக்கொட்டகையின் ஒரு தூண்கூட இப்போது இல்லை. அது மரத்தாலும் தகரத்தாலும் ஆனது, போய்விட்டது. அதை நோக்கி நிற்கும் கல் மட்டும் இருக்கின்றது. தாய்மாரின் அச்சமும் அவர்கள் அந்தக் கல்லிடம் ஒப்படைத்த நம்பிக்கையும் ஒரு மூதாட்டியின் நினைவில் மட்டுமே இருந்தன. அவர் சென்ற ஆண்டு மறைந்தார். அன்று நான் அவரிடம் கேட்டு எழுதிய நான்கு பக்கங்களும், கல் நிற்கும் இடத்தின் ஒரு வரைபடமும் என்னிடம் உள்ளன.

ஆசிரிய நண்பர்களே, மாணவச் செல்வங்களே! தொன்மையைப் போற்றுவோர் நம்மிடையே பலர் உளர். எழுத்தில்லாத எந்தக் கல்லைக் கண்டாலும் அதனைப் பல்லாயிரமாண்டுப் பெருமைக்குச் சான்றாக்கிவிடும் ஆர்வமும் நம்மிடையே குறைவின்றி உண்டு. ஆர்வம் நன்றே. ஆயினும் தெரிந்ததை மறந்துவிட்டுத் தெரியாததைப் பெருக்கிச் சொல்லும் சமுதாயம், தன் வரலாற்றைத் தானே இழந்துவிடும். அளந்ததை அளந்தது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும், கருதுவதைக் கருதுவது என்றும் பிரித்து எழுதக் கற்பிப்போம். ஸ்டோன்ஹெஞ்சை நட்டவரிடம் கேட்க வழியில்லை; நம் தோட்டங்களில் கல் நட்டவரின் மக்களும் பேரர்களும் இன்னும் இருக்கின்றார்கள்.

மூடப்பட்ட தோட்டங்களிலும், வீடமைப்புத் திட்டங்களின் ஓரத்திலும், சாலைச் சந்திகளிலும் இத்தகைய கற்கள் நிற்கின்றன. அடுத்த பள்ளி விடுமுறையில் ஒவ்வொரு மாணவனும் ஒரு கல்லைத் தேடிச் செல்லட்டும். அதன் உயரத்தையும் முகம் நோக்கும் திசையையும் குறித்துக்கொள்ளட்டும். பின்னர்த் தன் வீட்டிலோ அண்டையிலோ உள்ள மூத்தோர் ஒருவரிடம் சென்று, அதை யார் நட்டார்கள், அப்போது அதன் எதிரே என்ன இருந்தது என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வைக்கட்டும். அந்த ஏட்டில் தேதியும் இடப்பெயரும் இருக்கட்டும். பள்ளி நூலகத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்குவோம்.